திரும்பும் வழியில் அதே காற்று

தையல்காரரை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அப்படித்தான், ஊதினால் பறந்துவிடுவார். பெண்டாட்டி போனபிறகு உறவென்று மிஞ்சியது ஒரு மகளும், கடல் வளைந்து உள்ளே வந்த இடத்துக்கு அக்கரையில் ஒரு அக்காவும். அக்கா மூத்த தாரத்துப் பெண், இவர் இளைய தாரத்துப் பிள்ளை. அதெல்லாம் ஊர்ப்பேச்சுக்கு. தாயில்லாத இவருக்குத் தலை சீவிவிட்டு வளர்த்தவள் அவள்தான்.

வாராவாரம் கயாக்கில் போய் அவளைப் பார்ப்பார். ஒருவர் மட்டும் உட்காரும் ஒல்லிப் படகு. திடீரென்று பக்கவாதம் வந்து இடது கையும் காலும் துவண்டன. பஸ் படி ஏற முடியாதவர், படகில் ஏறுவேன் என்று அடம்பிடித்தார்.

"முதல்ல சட்டைப் பித்தானைப் போடுங்கப்பா, அப்புறம் கடலைத் தாண்டலாம்" என்றாள் மகள்.

"பித்தான்தான் சொன்ன பேச்சு கேக்காது. கடல் கேக்கும்."

மகள் வேலைக்குப் போனதும் பக்கத்து வீட்டுக்காரரைப் படகைத் தள்ளிவிடச் சொன்னார். வலப்பக்கக் காற்று. காற்று அடிக்கிற பக்கமே மூக்கைத் திருப்புவது கயாக்கின் குணம். அந்தப் பக்கத்துத் துடுப்பை அகல வீசி இழுத்தால்தான் நேரே போகும். வலது கைக்கு என்ன குறை? இடது கை ஒப்புக்குக் கூடவே வந்தது. கரை தொட்டார்.

"கை வந்துடுச்சுக்கா!"

அக்கா முகம் மலர்ந்துபோனாள்.

திரும்பும்போது அதே காற்று இடப்பக்கம். படகு இடப்பக்கம் திரும்பியது. இடது கையால் வீசினார், துடுப்பு தண்ணீரைத் தடவிவிட்டு வந்தது. வலது கையால் பலமாக இழுத்தால் படகு இன்னும் இடதுபக்கமே போயிற்று. கடைசியில் மீன்பிடிக்கிறவர்கள் கயிறு கட்டி இழுத்து அக்கா கரையிலேயே விட்டார்கள்.

அக்கா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

"காத்து இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்திக்கா. அடுத்த வாரம்..."

"அடுத்த வாரமெல்லாம் வேண்டாண்டா. நீ வர்றதைப் பார்த்தேன். போறதைப் பார்க்க முடியலை. இனிமே வராதே."

"அப்ப இங்கேயே இருந்துடறேன்."

"உன் மகளுக்கு யாருடா இருக்கா? போ."

அவள் சொல்லி இவர் தட்டியதில்லை. மகள் டாக்ஸியில் வந்தாள். "மாசம் ஒரு தடவை நானே கூட்டிட்டு வர்றேன் அத்தை" என்றாள், மனசாரத்தான். ஒரு மாதம் வேலை வந்தது, அடுத்த மாதம் காய்ச்சல். மூன்றாம் மாதம் சாவுச் சேதி கேட்டுப் போனபோது அக்காவை எடுத்துவிட்டிருந்தார்கள்.