என் மேசைக்கு வந்த சென்னை லைன்

சென்னை லைன் ஒரு முறை, எப்போதாவது இரண்டு முறை, அடித்துவிட்டு நின்றுபோகும். நான் கையை நீட்டுவதற்குள் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை இப்படி. அந்த மூன்று வாரமும் டிபன் பாக்ஸைப் பாதிக்கு மேல் காலி செய்ததாக எனக்கு நினைவில்லை.

அப்போது நான் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பதனிட்ட தோல் லாரியில் சென்னைக்குப் போகும். அங்கே எங்களுக்கு ஒரு சின்னக் கிளை, அதைப் பார்த்துக்கொள்ள வயதான குமாஸ்தா ஒருவர். திண்டுக்கல் அலுவலகத்தில் முதலாளி, மேனேஜர், பில் போடும் அக்கா, நான். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாத மனிதர். அவரிடம் எதையும் எதிர்த்துப் பேச முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கன்னிவாடிப் பக்கம் எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். இதை யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் எப்படியாவது பேச்சில் கொண்டுவந்துவிடுவேன்.

சென்னைக்கு எஸ்.டி.டி. பேசிப் பேசி அலுத்துப்போன முதலாளி, இன்டர்நெட் வழியாகவே இரண்டு அலுவலகமும் பேசிக்கொள்ளலாமாமே என்று ஒருநாள் விசாரித்தார். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரைத் தொட்டே பார்த்திராத மேனேஜரிடம் எல்லாவற்றையும் விளக்கினார். நான் ஒரு கேள்வி கேட்டேன். அதற்கான பதிலையும் மேனேஜரைப் பார்த்தே சொன்னார். அவர் போனதும் நான் முதலாளியின் அறைக்குப் போய், இதை நானே செய்துவிடுவேன் என்றேன்.

செய்யவும் செய்தேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, போன் எக்ஸ்சேஞ்ச் போல வேலை செய்யும் இலவச மென்பொருள் ஒன்றை அதில் ஏற்றினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக பிரின்ட் எடுத்துப் படித்தேன். சென்னைக்கு ஒரு அடாப்டர் பெட்டியை பார்சலில் அனுப்பி, எந்த வயரை எந்த ஓட்டையில் செருகுவது என்று குமாஸ்தாவுக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். அவருடைய பழைய போனையே அந்தப் பெட்டியில் மாட்டிக்கொண்டார். முதல் அழைப்பு வந்த அன்று முதலாளி அலுவலகம் முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தார்.

ஒவ்வொரு மேசைக்கும் எண் கொடுத்தது நான்தான். முதலாளிக்கு நூற்றி ஒன்று, மேனேஜருக்கு நூற்றி இரண்டு. நூறு எனக்கு. சென்னையிலிருந்து யார் யாரிடம் பேச வேண்டுமானாலும் முதலில் என் மேசையில்தான் அடிக்க வேண்டும், நான் எடுத்துத்தான் உள்ளே கொடுக்க வேண்டும் என்று அமைத்திருந்தேன். அப்படி வைக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அல்வா தின்று ஒரு வாரத்துக்குள் இந்த ஒற்றை மணி ஆரம்பித்தது.

அதே நேரத்தில்தான் எம்.சி.ஏ. கவுன்சலிங்குக்குக் கடிதம் வந்தது. நுழைவுத் தேர்வு எழுதியது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை காலை, அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும் என்று போட்டிருந்தது. என் அசல் சான்றிதழ்கள் முதலாளியின் பீரோவில் இருந்தன. வேலைக்குச் சேரும்போது அதை வாங்கி வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வழக்கம். நானும் அன்று பிளாஸ்டிக் ஃபைலோடு பெருமையாகத்தான் நீட்டியிருந்தேன்.

கடிதத்தைக் காட்டிக் கேட்டபோது முதலாளி மறுக்கவில்லை. படிக்கிற பிள்ளையைத் தடுக்கக் கூடாது என்றுகூடச் சொன்னார். பிறகு, "அந்த மெட்ராஸ் லைன் மட்டும் ஒழுங்கா ஓடட்டும்மா. அன்னிக்கே எடுத்துத் தாரேன்" என்றார்.

அதற்குமேல் அவரிடம் என்ன கேட்பது? லைன் ஓடவில்லைதான். சென்னையிலிருந்து தகவலே வருவதில்லை என்று மேனேஜர் தினமும் புகார் சொன்னார். தகவல் கொடுத்தாலும் திண்டுக்கல்லிலிருந்து திருப்பிக் கூப்பிடுவதில்லை என்று குமாஸ்தா புகார் சொல்வதாகவும் கேள்விப்பட்டேன். சரக்கு எடுக்க வந்த ஒரு பார்ட்டி காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். அன்று முதலாளி என் பக்கம் திரும்பாமலே என் மேசையைக் கடந்து போனார். திட்டியிருந்தால் தேவலை.

மேனேஜர் என்ன கோளாறு என்று கேட்கும்போதெல்லாம் நான் பாக்கெட் லாஸ் என்றேன், பேண்ட்வித் என்றேன். மணி ஒரு முறை அடித்துவிட்டு நின்றுபோகிறது என்று சாதாரணமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொல்ல பட்டப்படிப்பு எதற்கு? வயர்களைப் பிடுங்கி மாட்டினேன். பெட்டியில் குறை என்று சொல்லி புதிய பெட்டி வாங்க வைத்தேன். அது சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது, அதிலும் மணி ஒரு முறைதான் அடித்தது. மதுரையில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழி ஒருத்தியிடம் கேட்டிருக்கலாம். அவளிடம் நான் ஏற்கெனவே முழு சிஸ்டத்தையும் தனியாளாகப் போட்டுவிட்டதாக அளந்திருந்தேன்.

அக்கா மட்டும் அவ்வப்போது என் பக்கம் திரும்புவார். "ஏ புள்ள, அந்தப் போனையே மொறச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தா அது பயந்து பேசிருமா? செத்த நேரம் எந்திரிச்சு நட."

எழுந்து நடக்க இடமில்லை. என் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் பழைய கம்ப்யூட்டர், அதன் மேல் பேட்டரி, பக்கத்தில் வயர்ச் சுருள்கள். எல்லாம் நானே பார்த்துப் பார்த்து வைத்தவை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினால் சுவரில் இடிக்கும்.

வீட்டிலும் சொல்லிப் பார்த்தேன். அம்மா, கேட்டு வாங்கிட்டு வந்துரு என்றார். அப்பாவோ, வேலை கொடுத்த மனிதரிடம் போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று தயங்கினார். சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. அது என் கையில் இல்லை என்பது மட்டும் தெரியும். அதனால் இரண்டு பேரும் நான் பார்க்காதபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கவுன்சலிங் வாரத்தின் திங்கட்கிழமை காலை ரிசீவர் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணி தொடங்கியதும், அது முடிவதற்குள் எடுத்துவிட்டேன். மறுமுனையில் ஒரு திடுக்கிட்ட மூச்சு.

"யாரும்மா அது? எதுக்கு எடுத்தீங்க? காசு போகுதுல்ல" என்றார் குமாஸ்தா. "லாரி வந்துருச்சு, அதான் ஒரு ரிங் விட்டேன். வைங்க, வைங்க."

வைத்துவிட்டார். நானே திருப்பிக் கூப்பிட்டு விசாரித்தேன். ஒரு ரிங் என்றால் லாரி வந்துவிட்டது. இரண்டு ரிங் என்றால் பார்ட்டி வந்திருக்கிறார், உடனே கூப்பிடுங்கள். பல வருடங்களாக அப்படித்தான். முன்பு அந்த மணி மேனேஜரின் மேசையில் அடிக்கும், அவருக்குப் புரியும். நான் எல்லா மணியையும் என் மேசைக்குத் திருப்பிக்கொண்டபிறகு, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருக்கும் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. இந்தப் போனில் பேசக் காசே கிடையாது என்று நான் சொல்லச் சொல்ல குமாஸ்தா சிரித்தார். "அதெப்படிம்மா, போன்னா காசு ஆகாம இருக்குமா? மொதலாளி காசுன்னா நமக்கு வலிக்காதா?"

நானும் தினமும் மாலை பஸ் ஏறியதும் அப்பாவின் செல்லுக்கு ஒரு ரிங் விட்டு வைப்பவள்தான். பஸ் கிடைத்துவிட்டது, உலை வைக்கலாம் என்று அதற்கு அர்த்தம். பேசினால் காசு என்று ஒரு ரிங்கிலேயே குடும்பம் நடத்துகிற வீட்டிலிருந்து வந்த எனக்கு, மூன்று வாரமாக இது தோன்றவேயில்லை. படித்த மூளை மெஷினுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது.

இனிமேல் எடுக்கும்வரை அடிக்க விடுங்கள் என்று குமாஸ்தாவிடம் சத்தியம் வாங்கினேன். மறுநாள் சென்னை லைன் ஆறு முறை வந்தது, ஆறு முறையும் பேச்சு நடந்தது. முதலாளி என் மேசைக்கே வந்து எப்படிச் சரி செய்தாய் என்று கேட்டார்.

"ஒரு செட்டிங் மாத்துனேன் பாய்" என்றேன்.

அவர் மனசாரப் பாராட்டினார். கோயம்புத்தூர்க்காரன் வந்திருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டான் என்றார். சான்றிதழை நினைவுபடுத்தினேன். "இம்புட்டு நாள் நீ போராடுனதப் பார்த்தேன்ல. நீ போயிட்டா மறுபடி கோளாறு வந்தா நான் யார்கிட்டம்மா போவேன்? அடுத்த வருசம் படிச்சுக்க. நானே உங்க அப்பாகிட்ட பேசுறேன்" என்றார்.

அவர் பேசினால் அப்பா தலையாட்டிவிடுவார். எனக்குத் தெரியும். என் பொய்யை வைத்தே அவர் என்னைப் பூட்டிவிட்டார், பூட்டுகிறோம் என்று தெரியாமலே. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. ஒரு வருடம் என்பது ஒரு வருடத்தோடு முடியாது. எங்கள் தெருவில் படிப்பை அடுத்த வருடத்துக்குத் தள்ளிய பெண்கள் எல்லாம் இப்போது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை நேராக முதலாளி அறைக்குப் போனேன். மேனேஜரும் உள்ளே இருந்தார். அவர் வெளியே போகட்டும் என்று கொஞ்சம் நின்றேன், போகவில்லை. அவர் முன்னாலேயே சொன்னேன். லைனில் கோளாறே இல்லை, பழைய பெட்டியிலும் இல்லை, எனக்குத்தான் தெரியவில்லை, நான் யாரிடமும் கேட்கவும் இல்லை என்றேன். ரிங் கணக்கையும் சொன்னேன்.

முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஒரு ரிங்குன்னா லாரின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் பாய். எப்பவும் அதான."

"அப்ப ஏன்யா வாயத் தொறக்கல?"

"இந்தப் பொண்ணு பாக்கெட்டு பாக்கெட்டுன்னுதான சொல்லுச்சு. ரிங்குன்னு ஒரு வார்த்த சொல்லலையே பாய்."

முதலாளி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மேசை மேலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப இந்தப் போனுக்கு நீ இருந்தாத்தான் ஆகும்னு இல்ல?"

"இல்ல பாய். நான் இல்லாட்டியும் ஓடும்."

அந்த வாக்கியத்தை நான் அவருக்குச் சொன்னதைவிட எனக்குத்தான் சொல்லிக்கொண்டேன் போலிருக்கிறது.

அன்று முழுக்க அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கரண்ட் போய் வந்தால் எதை முதலில் போடுவது, லைன் வராவிட்டால் எந்த விளக்கைப் பார்ப்பது என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதினேன். எழுதி முடித்தபோது ஆறு பக்கம்தான் வந்தது. இன்னும் நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன். சென்னை மணி நேராக மேனேஜர் மேசைக்கே போகும்படி மாற்றியும் கொடுத்தேன்.

சாயங்காலம் முதலாளி பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டே, அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிற பாஸ்வேர்டை அக்காவிடம் கொடுத்துவிட்டாயா என்று கேட்டார். அது என் மார்க் ஷீட்டில் உள்ள பதிவு எண்தான் என்று நான் சொன்னதும் ஃபைலை ஒரு முறை குனிந்து பார்த்தார். அது வேண்டாம், பில் போடும் பிள்ளை வேறு வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

என் நாற்காலியில் அக்காவை உட்காரவைத்தேன். மாற்றும் பக்கத்தைத் திறந்துகொடுத்தேன். அவர் இரண்டு ஆள்காட்டி விரல்களால் எழுத்தைத் தேடித் தேடித் தட்ட ஆரம்பித்தார்.

"இந்தப் பக்கம் பார்க்காதடி" என்றார்.

ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என்ன தட்டினார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.