இரண்டாவது ஓட்டத்தில் ஒன்பது பேர்

இரண்டு வருடத்துக்கு முன்பு, கோடை தொடங்குகிற சமயத்தில் நடந்தது இது. நானும் என் மனைவியும் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். எங்கள் ஊர் பள்ளிகொண்டாவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் கம்பெனி வேன் ஏறினால் வீடு திரும்பும்போது இருட்டிவிடும். எனக்குக் கீழ்த்தளத்தில், தோல் வெட்டுகிற கட்டிங்கில் வேலை. அவளுக்கு மாடியில் தையல் ஹாலில். ஒரே கூரையின் கீழ் இருந்தும் பகலில் ஒருவரையொருவர் பார்ப்பது கிடையாது.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. தமிழ் தடங்கல் இல்லாமல் படிப்பேன். நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கத்தான் வராது.

நாளெல்லாம் நின்று நின்று அந்த வருடம் முட்டி வீங்கிப்போனது. வேலூரில் காட்டினோம். கொஞ்ச நாள் நிற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் படுத்துக்கொண்டு செல்போன் பார்க்கையில் ஒரு வீடியோ வந்தது. ஒரு பெரிய அறை, அதற்குள் கொத்துக் கொத்தாகப் புள்ளிகள், ஒரே ஒரு வாசல். புள்ளிகள் எல்லாம் வாசலைப் பார்த்து ஓடி, அங்கே அடைத்துக்கொண்டு, திணறித் திணறி வெளியே வந்தன. ஏனோ அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். சாயங்காலம் பெல் அடித்ததும் எங்கள் மாடிப்படியில் நடப்பது அப்படியே இருந்தது.

அந்த வீடியோவைப் போட்டவர்களுக்கு ஒரு குழு இருந்தது. பல நாட்டுக்காரர்கள். கூட்டம் எப்படி நகரும், வெள்ளம் எங்கே தேங்கும், காய்ச்சல் எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சின்ன ஊரைச் செய்து, அதை நடக்கவிட்டுப் பார்க்கிறவர்கள். நிஜமாக நடந்த விபத்துகளைப் பற்றியும் அங்கே எழுதுவார்கள். எல்லாம் இங்கிலீஷ். தொட்டால் செல்போனே தமிழாக்கிக் காட்டும். அந்தத் தமிழ் கரடுமுரடாக இருக்கும், ஆனாலும் புரியும். நேரில் பேசக் கூச்சப்படுகிறவனுக்கு அது ஒரு வசதி. முகம் தெரியாது, குரல் தெரியாது.

வேலைக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் துணிந்து அதில் தமிழிலேயே எழுதினேன். எங்கள் தையல் ஹாலுக்கு இரண்டு படிகள் உண்டு. பின்படியில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி அடுக்கி, எலி போகத்தான் வழி இருந்தது. அவ்வளவு பெண்களும் முன்படி ஒன்றில்தான் இறங்க வேண்டும். மாடியில் சட்டென்று தீப்பிடிக்கிற பசை டப்பாக்கள் வேறு. இது ஆபத்தா, இதேபோல் எங்காவது நடந்திருக்கிறதா என்று கேட்டேன்.

ஒரு பெண்மணி பதில் எழுதினார். எந்த நாடு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஹால் எவ்வளவு நீளம், படி எவ்வளவு அகலம், மிஷின்கள் எப்படிப் போட்டிருக்கிறது என்று விசாரித்தார். மனைவியிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். அப்புறம் சில நாள் சத்தமே இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு காலை, வேனில் போகும்போது வந்தது.

"உங்கள் கட்டடத்தைப் போன்ற கட்டடம். மூன்று ஓட்டங்கள். இரண்டாவது ஓட்டத்தில் ஒன்பது பேர் இறந்தனர். வருந்துகிறேன்."

இப்படி எங்காவது நடந்ததா என்று கேட்டிருந்தேன் அல்லவா, நடந்திருக்கிறது என்று பதில் வந்துவிட்டது. எங்கேயோ எங்களைப் போன்ற ஒரு கம்பெனியில் மூன்று முறை நெருப்புக்குப் பயந்து ஓடியிருக்கிறார்கள், இரண்டாவது முறை ஓடிய ஓட்டத்தில் ஒன்பது பேர் மிதிபட்டுச் செத்திருக்கிறார்கள். அப்படித்தான் நான் படித்தேன். யார் பெற்ற பிள்ளைகளோ என்றிருந்தது. அன்று டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிகிற சமயம் ஃப்ளோர் மேனேஜர் எதிரே போய் நின்றேன். இத்தனை வருடத்தில் நானாகப் போய் அவரிடம் பேசியது கிடையாது.

"சார், நம்ம மாதிரி ஒரு கம்பெனில ஒன்பது பேர் செத்துட்டாங்க சார். படி அடைச்சிருந்ததால. நம்ம பின்படிய..."

அவர் பதறிவிட்டார். "எங்கய்யா? ராணிப்பேட்டையா? எப்போ?"

"வெளிநாடு சார்." செல்போனை நீட்டினேன். அவர் தமிழை விட்டுவிட்டு இங்கிலீஷைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. பிறகு சிரித்தார்.

"யோவ், இது கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்ததுய்யா. நீ மிஷின் ஓட்டற மாதிரி, அவங்க கம்ப்யூட்டர ஓட்டறாங்க. ரெண்டாவது வாட்டி ஓட்டனப்போ ஒன்பது புள்ளி அவுட்டு. மனுசன் எவனும் சாவல."

"சரி சார். ஆனா அந்தப் பெட்டிங்க..."

"ஷிப்மென்ட் போவட்டும், பாக்கலாம்."

ஷிப்மென்ட் போகும். அடுத்தது வரும். பெட்டி அங்கேயே இருக்கும். அது எல்லோருக்கும் தெரியும்.

கட்டிங்குக்கு நான் திரும்புவதற்குள் விஷயம் எனக்கு முன்னால் போய்விட்டது. "அண்ணே, புள்ளிங்களுக்குக் கருமாதி எப்போ? சாப்பாடு உண்டா?" என்றான் பக்கத்து மிஷின்காரன். இன்னொருவன், "பார்த்து அண்ணே, சட்டையில ஒரு புள்ளி ஒட்டிக்கினு அழுவுது" என்று தட்டிவிட்டான். மேல்விஷாரத்திலிருந்து வருகிற பாய் ஒருவர்தான், "விடு தோஸ்த், பேஜாராவாத. நல்லதுக்குத்தான சொன்ன" என்று டீயை என் பக்கம் நகர்த்தினார். நாற்பத்தெட்டு வயதில் ஒருமுறை வாயைத் திறந்தேன், அதுவும் இப்படி ஆயிற்று.

வேனில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். விஷயம் மாடி வரைக்கும் போயிருந்தது.

"இன்னாங்க, செத்துட்டாங்கன்னு மேனேஜர்கிட்ட போய் நின்னீங்களாமே?"

"தப்பாப் படிச்சிட்டேன். விடு."

"புள்ளிக்காரரு பொண்டாட்டின்னு கூப்பிடறாளுங்க." அவளுக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஒன்பது புள்ளி எங்க உக்காந்திருந்துச்சாம்?" என்று கேட்டாள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. வேன் ஆட்டத்திலேயே எழுதிக் கேட்டேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டு கம்பெனியில் பேசிவிட்டதையும், எல்லோரும் சிரித்ததையும் சேர்த்து எழுதினேன். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. தன் வார்த்தையால் எனக்கு இப்படி ஆனதற்கு மன்னிப்புக் கேட்டார். அவர்களும் பேச்சில் "இறந்தார்கள்" என்றுதான் சொல்வார்களாம். பிறகு நான் கேட்டதற்குப் பதில்: "அவர்களுக்குப் பெயர் இல்லை. கடைசிச் சுவரை ஒட்டிய வரிசையில் இருந்தவர்கள்."

செல்போனை அப்படியே மனைவியிடம் கொடுத்தேன். அவள் மிஷின் கடைசிச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. எங்கள் வேனில் வருகிற பெண்கள் முக்கால்வாசிப் பேர் அந்த வரிசைதான். அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவளைத் தட்டி எழுப்பினாள். செல்போன் ஒவ்வொரு கையாகப் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

"பின்படியத் தொறந்தா எத்தினி பேர் சாவாங்கன்னு கேளுண்ணா," என்றாள் ஒருத்தி.

கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. இரண்டு படியும் திறந்திருந்தால், எத்தனை முறை ஓட்டினாலும் எல்லோரும் வெளியே வந்துவிடுகிறார்களாம். இது தன் கணக்கு மட்டுமே, கட்டடத்தை அதற்கென்று உள்ளவர்களை அழைத்துக் காட்டுங்கள் என்றும் எழுதியிருந்தார். நாங்கள் யாரை அழைப்பது?

அன்று சாப்பாட்டு நேரத்தில் கடைசி வரிசைப் பெண்கள் யாரையும் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இறக்கி, மேனேஜர் ரூம் எதிரே அடுக்கிவிட்டார்கள். அவர் வெளியே வந்து, "இன்னாம்மா இதெல்லாம்?" என்றார். "புள்ளிங்க நடக்கறதுக்கு சார்," என்றாள் என் மனைவி. கட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. மேனேஜர் ஆளைவிட்டுப் பெட்டிகளை ஷெட்டுக்கு அனுப்பினார். பின்படியின் கீழ்க்கதவில் தொங்கிய பூட்டையும் கழற்றினார்கள்.

சித்திரை வெயிலில் ஒரு மதியம் மாடியில் கரண்ட் போர்டு புகைந்தது. கீழே எங்களுக்கு முதலில் கருகிய வாடைதான் வந்தது. அப்புறம் மேலே கூச்சல். நான் மிஷினை நிறுத்திவிட்டு நின்றேன். முட்டி மடங்கவில்லை, ஓட முடியவில்லை. பின்படியின் கதவு திறந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். இருமிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, வந்துகொண்டே இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மனைவி கடைசியில் வந்தாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை, தன் வரிசைக்காரிகளைத் தேடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

பெரிதாக ஒன்றும் இல்லை. மணலைப் போட்டு அணைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் மிஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை, அதற்கு நேரமும் இல்லை. நான் மட்டும் குழுவில், "எல்லோரும் இறங்கிவிட்டார்கள்" என்று எழுதினேன். அந்தப் பெண்மணி, அதைப் படித்துவிட்டுத் தான் அழுததாக எழுதியிருந்தார். செல்போன் சரியாகத்தான் தமிழாக்கியதா தெரியவில்லை. நான் நம்பினேன்.

மாதத்துக்கு ஒருமுறை பின்படியில் பெட்டிகள் திரும்ப ஏறுகின்றன. பெண்கள் திரும்ப இறக்குகிறார்கள். ஒருநாள் அவர்களுக்கும் அலுத்துப்போகுமோ என்று எனக்குப் பயம். உடம்பு முன்போல் இல்லை, சாயங்காலம் ஆனால் வேனில் சாய்ந்தால் போதும் என்றிருக்கிறது. இருந்தும் பெல் அடித்ததும், மாடியில் இருக்கிற கடைசிப் பெண் இறங்கி முடிக்கிறவரை நான் வேனில் ஏறுவதில்லை. முகமே தெரியாத ஒருவர் அவர்களுக்காக அத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தாரே, நான் கொஞ்ச நேரம் நின்றால் என்ன என்று தோன்றுகிறது.