கம்பியைப் பிடிக்க ஓர் ஆள்

அன்று கடையில் இருந்தவர்கள்: கல்லாவுக்குப் பின்னால் பாய், முக்காலியில் என் மனைவி, ஹெட்லைட் பல்பு வாங்க வந்து நின்ற ஒரு லாரி டிரைவர், வாசலோரம் நான். வேறு யாரும் இல்லை. இதை உறுதியாகவே சொல்வேன். எங்கே போனாலும் யார் யார் இருக்கிறார்கள், வெளியே போக வழி எது, கடைசி பஸ் போய்விட்டதா என்று பார்த்து வைத்துக்கொள்கிற ஆள் நான். ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. படிப்பு போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் பாயின் எலெக்ட்ரிக் கடை. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் ஒயரோ சுவிட்சோ எது வாங்கினாலும் அங்கேதான் வாங்குவார்கள். நாங்கள் போனது வேலிக்காக. மேலே மலையில், பெரக்கரை நாட்டில், காடு முடிந்து வயல் தொடங்குகிற ஓரத்தில் எங்கள் நிலம். கொஞ்சம் கேழ்வரகு, மரத்தில் ஏற்றிய மிளகுக்கொடி, மீதியெல்லாம் மரவள்ளி. முந்தின வருஷம் கிழங்கு முற்றுகிற நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கி வயலை உழுதுவிட்டுப் போயிருந்தன. அதற்குப் பிறகு மானியத்தில் சோலார் வேலி போட்டோம். ஒரு தகடு, ஒரு பேட்டரி, கம்பிக்கு அதிர்ச்சி அனுப்புகிற ஒரு பெட்டி. போட்டுக்கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். முதல் மழைக்கே இணைப்புகள் விட்டுப்போக ஆரம்பித்தன. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற மாதிரியே நானும் செய்தேன்: ஒயரைப் பல்லால் உரித்து, முறுக்கி, மேலே டேப் சுற்றிவிட்டேன். எங்கள் மலையில் மூடுபனி டேப்புக்குள்ளும் போகும். நாலு வாரத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். வேலி மட்டும் பார்ப்பதற்கு அப்படியே நிற்கும். செத்த வேலி எது, உயிருள்ள வேலி எது என்று நமக்குத் தெரியாது, பன்றிக்குத் தெரியும்.

இந்தத் தடவையும் கிழங்கு போனால் நிலத்தை யாருக்காவது பங்கு வாரத்துக்கு விட்டுவிட்டு, மகள் இருக்கிற திருப்பூருக்குப் போய் ஏதாவது கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். பேசியது நான். அவள் ம் கொட்டவில்லை.

அவள் பச்சை பூத்த ஒயர்த் துண்டைக் கல்லா மேல் வைத்தாள். பாய் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இந்த வேலையப் பாத்தது?"

"எங்கூட்டுக்காரருதானுங்க பாய். பல்லாலயே உரிச்சுப்போடுவாரு. பல்லு இருக்கற மட்டும் எங்களுக்குக் கவலையில்லீங்க."

"அண்ணனக் கூட்டிக்கிட்டுப் போனா எனக்கு வண்டியில டூல்ஸே வேணாம் போல" என்றார் டிரைவர்.

பாய் சிரிக்காமல் உள்ளே போய் ஒரு கருவியும் ஒரு டப்பாவும் எடுத்து வந்தார். குறடு மாதிரிதான் இருந்தது. ஆனால் வாய் தடித்து, அதில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று புள்ளி வைத்த மூன்று பள்ளங்கள். டப்பாவில் ஒயர் நுனியில் மாட்டுகிற, சிவப்பு உறை போட்ட சின்னச் சின்ன லக்குகள். ஒரு பக்கம் போல்ட்டில் மாட்ட வளையம், இன்னொரு பக்கம் ஒயர் நுழைகிற குழல். குழல் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் ஒயரை உரிக்க வேண்டும், ஒரு இழைகூட அறுபடக் கூடாது, செம்பின் நுனி அந்தப் பக்கம் துளி எட்டிப் பார்க்க வேண்டும், சிவப்பு உறைக்குச் சிவப்புப் பள்ளம். லக்கையும் ஒயரையும் என் மனைவி பிடித்துக்கொள்ள, சொல்லிக்கொண்டே செய்து காட்டினார். கறுக் கறுக்கென்று பல் பல்லாக இறங்கி, கடைசியில் கருவி தானாக வாயைத் திறந்தது. லக்கைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். வரவில்லை.

அடுத்தது என் மனைவி. கை சின்னது. பாய் ஒயரைப் பிடித்துக்கொள்ள, ஒரு பிடியைத் தொடையில் ஊன்றி, இன்னொரு பிடியை இரண்டு கையாலும் அமுக்கினாள். கருவி வாயைத் திறந்தது. பிறகு நான். பாதி அமுக்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது. ஒயரை நசுக்கிவிட்டேனோ, இன்னும் அமுக்கினால் உடைந்துவிடுமோ. கையை விட்டேன். கருவி விடவில்லை. லக்கைக் கவ்வியபடி அப்படியே நின்றது. இழுத்தேன், திருகினேன். விலை எவ்வளவு இருக்கும், கையில் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குள் மனம் ஓடிவிட்டது.

"பாய், மாட்டிக்கிச்சுங்க. ஒடச்சுப்போட்டனுங்களா?"

"ஒண்ணும் ஒடையலீங்க. பாதியில உட்டா அது வாயத் தொறக்காது. அமுக்குங்க, முழுசா அமுக்குங்க."

"இவருக்குன்னே செஞ்சு வெச்சிருக்கறாங்க பாருங்க" என்றாள் அவள். "பாதியில பயந்து எந்திரிச்சு ஓட முடியாது."

முழுவதும் அமுக்கினேன். திறந்தது. எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. வாழ்க்கையில் நான் செய்கிற எந்த வேலையும் "முடிந்துவிட்டது, போ" என்று என்னிடம் சொன்னதில்லை. கதவைப் பூட்டினால் திரும்பி வந்து பார்ப்பேன். அடுப்பை அணைத்தால் சாம்பலைக் கிளறிப் பார்ப்பேன். இந்த இரும்பு ஒன்றுதான் முடிந்ததை முடிந்தது என்று தானே சொன்னது.

கருவியை வாங்கி வந்த பிறகு எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு ஒரு முறை உண்டானது. தகட்டுக் கம்பத்துக்குக் கீழே ஒரு பாறை இருக்கிறது. அவள் அதில் உட்கார்ந்து கருவியைத் தொடையில் ஊன்றிக்கொள்வாள். நான் எதிரில் குத்துக்காலிட்டு, லக்கை ஒரு கையிலும் ஒயரை ஒரு கையிலும் பிடித்துக் கருவியின் வாயில் கொடுப்பேன். "ஏனுங்க, கம்பியப் புடிக்க வாங்க" என்று அவள் குரல் கொடுத்தால் மிளகு பறித்துக்கொண்டிருந்தாலும் ஏணியை விட்டு இறங்கி வருவேன். "ஆடாமப் புடிங்க. வேற எதையும் நெனைக்காதீங்க" என்பாள். நினைக்க முடியாது. அந்த மெல்லிய இழைகள் குழலுக்குள் நிற்க வேண்டும் என்றால் மூச்சைக்கூடக் கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவள் நெற்றி என் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். கறுக் கறுக்கென்று பல் இறங்கும். பகல் முழுக்க எனக்குப் பயமில்லாத நேரம் அது ஒன்றுதான்.

பாய் ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தார். நான் தினமும் இழுத்தேன். காலையில் எழுந்ததும் பெட்டியண்டை போய் ஒவ்வொரு லக்கையும் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் பார்த்தால் ஓரத்தில் இருந்த மரவள்ளி வரிசைகள் சாய்ந்து கிடந்தன. மண் கிளறி, கிழங்கு பாதி பாதியாகக் கடித்துக் கிடந்தது.  திருப்பூர்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அவள் வயலைப் பார்க்காமல் நேரே பெட்டிக்குப் போனாள். பேட்டரியிலிருந்து பெட்டிக்கு வருகிற ஒயரைப் பிடித்து மெல்ல வளைத்தாள். வெளியே முழுசாக இருந்தது. உறைக்குள், லக்கின் கழுத்தில், இழை இழையாக அறுந்திருந்தது.

"தெனமும் புடிச்சு ஆட்டுனா எரும கட்டுற கவுறே அந்து போகும்ங்க."

"நல்லா இருக்குதான்னு பாத்துக்கத்தான..."

"பாக்கறதுன்னா புடுங்கறதுங்களா? இங்க வாங்க. காத வெச்சுக் கேளுங்க."

அறுந்ததை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டோம். நான் பிடித்தேன், அவள் அமுக்கினாள். பெட்டி டிக், டிக் என்று ஆரம்பித்தது. என் தலையைப் பிடித்து அதன் பக்கம் சாய்த்தாள். "இந்தச் சத்தம் இருந்தா உசுரு இருக்குதுன்னு அர்த்தம். தொடோணும்னு இல்ல." மீதிக் கிழங்கு தப்பித்தது. தை மாதம் லோடு ஏற்றி ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்பினோம். லாரி திரும்பி வளைவில் மறைகிற வரைக்கும் அவள் ரோட்டிலேயே நின்றாள். திருப்பூர்ப் பேச்சை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது சில வருஷம் கழித்து. நாமக்கல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். பகலில் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். எழுப்பவும் மனசு வராது, எழுப்பாமல் இருக்கவும் முடியாது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "என்னங்க, டிக்கு டிக்குன்னு கேக்குதுங்களா?" என்பாள். கேட்கிறது என்பேன். "அப்பப் போயி ஒலைய வைங்க." ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அன்றைக்கும் உடனே உள்ளே போகாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

மகள் அப்போதிருந்தே திருப்பூருக்குக் கூப்பிடுகிறாள். நல்ல பெண். தினமும் போன் செய்கிறாள், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். தனியாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவேன். வேலைகள் இருக்கின்றன. சொல்லிக்கொள்ள ஆள் இல்லாத வேலைகள்.

இந்த வருஷம் மழைக்குப் பிறகு பெட்டியின் சத்தம் நின்றுவிட்டது. லக்கு ஒன்று பச்சை பூத்து, அரித்து ஒடிந்திருந்தது. அந்தப் பாறையில் உட்கார்ந்தேன். லக்கைப் பிடிக்க ஒரு கை, ஒயரைப் பிடிக்க ஒரு கை, கருவியை அமுக்க ஒரு கை. ஒயரைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தேன். இழைகள் விரிந்து வெளியே நின்றன. முட்டியில் இடுக்கிப் பார்த்தேன். லக்கு நழுவிப் புல்லில் விழுந்தது. தேடி எடுப்பதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. இப்படியே மூன்று நாள். பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். இதற்குப் போய் எப்படிக் கூப்பிடுவது என்று கூச்சமாக இருந்தது. நடவு நேரம். வேலி இல்லாமல் மரவள்ளி நடுவது பன்றிக்கு இலை போடுவதுதான். சரி, இதோடு போதும் என்று தோன்றிவிட்டது. மகளிடம் வருகிறேன் என்று சொன்னேன். துணியைப் பையில் எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, திரும்பிப் போய் இழுத்துப் பார்த்து, பஸ் ஏறினேன்.

காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி, நாமக்கல் பஸ் வருவதற்குள் கருவியைப் பாயிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கடைக்குப் போனேன். பாய்க்குத் தாடி முழுக்க நரைத்து மருதாணி ஏறியிருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை.

"நல்லாத்தானுங்க இருக்குது, எதுக்குத் திருப்பிக் குடுக்கறீங்க?"

"அமுக்கறப்பக் கம்பியப் புடிக்க ஆளில்லீங்க பாய்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எதுக்குங்க ஆளு?" என்று கேட்டுக்கொண்டே டப்பாவிலிருந்து ஒரு லக்கை எடுத்துப் பள்ளத்தில் வைத்து லேசாக அமுக்கினார். கறுக். ஒரே ஒரு பல். கையை எடுத்தார். லக்கு கருவியின் வாயிலேயே நின்றது, விழவில்லை. இடது கையால் ஒயரை எடுத்து நிதானமாக உள்ளே நுழைத்து, வலது கையால் மீதியை அமுக்கினார். அவ்வளவுதான். இரண்டு கை போதும்.

"உங்கூட்டம்மாவுக்கு மொத வருசமே காட்டிக் குடுத்தனே. லக்கு வாங்கத் தனியா வந்திருந்தாங்க. ரெண்டு மூணு போட்டும் காமிச்சாங்க, கை அவ்வளவு சுத்தம். உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"சொன்னாங்க பாய். நாந்தான் மறந்துட்டேன்" என்றேன்.

கருவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு பாக்கெட் சிவப்பு லக்கும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அத்தனை வருஷமும் அவள் கூப்பிட்ட கூப்பாடெல்லாம் காதில் வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, மிளகு காயப்போடும்போது, ஒன்றும் செய்யாமல் வாசலில் உட்கார்ந்து எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருக்கும்போது. ஒரு தடவைகூட வேலைக்குத் தேவைப்பட்டு என்னைக் கூப்பிடவில்லை. நாமக்கல் பஸ் வந்து, நின்று, போனது. அடுத்ததாக மலைக்குப் போகிற பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அடிவாரம் தாண்டியபோது மகள் போன் செய்தாள்.

"அப்பா, எங்க வாரீங்க? நாமக்கல் தாண்டீட்டீங்களா?"

"இல்ல கண்ணு. மேல போயிட்டிருக்கறேன்."

"மேலயா? எதையாச்சும் மறந்துட்டீங்களாப்பா?"

"இல்ல சாமி. கெழங்கு நடோணும்."

அவள் ஏதோ சொன்னாள். அதற்குள் முதல் வளைவு வந்து சிக்னல் போய்விட்டது.