ஓபோக்காரியின் வலது பக்கம்

இசைக்குழுவில் எல்லோரும் அவளை ஓபோக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வலது பக்கத்து நாற்காலியில் புல்லாங்குழல் ஊதுபவள் அவளுடைய உடன்பிறந்த தங்கை. பள்ளிக்கூடத்தில் புல்லாங்குழலுக்கு ஆள்மேல் ஆள் விழுந்தபோது, சீந்துவாரில்லாமல் மூலையில் கிடந்த ஓபோ என்ற மேல்நாட்டுக் குழலை அக்காள் எடுத்துக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்ததை அவள் விடவே இல்லை. பிடிவாதம் அப்படி.

புல்லாங்குழல் ஓர் ஊதாரி. ஊதுகிற காற்றில் பாதி துளைக்கு வெளியே போய்விடும். நாலு வரி வாசித்தால் தங்கைக்கு மேல்மூச்சு வாங்கும். கிளாரினெட்டுக்கு ஒற்றைச் சீவாளி. கிசுகிசுக்கவும் தெரியும், வீறிடவும் தெரியும், சொன்னபடி கேட்கும். பஸூன் ஆளுயரக் கட்டைக்குழல். முனகினாலும் காற்றைத் தாராளமாக வாங்கிக்கொள்ளும். ஓபோவோ எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஜாதி. அதன் இரட்டைச் சீவாளி இடுக்கில் இம்மியளவு காற்றுதான் நுழையும். மிச்சமெல்லாம் நெஞ்சிலும் கழுத்திலும் தலையிலும் முட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த முட்டல் கண்ணில் போய் உட்கார்ந்தது.

"உங்க கண்ணுக்குள்ள ஏற்கெனவே அழுத்தம் அதிகம்" என்றார் கண் மருத்துவர். "இதை ஊதும்போது இன்னும் ஏறுது. ஓரத்துலேர்ந்து பார்வை போய்க்கிட்டே வரும், போனது திரும்பாது. நடுவுல நல்லா தெரியறதால உங்களுக்கே தெரியாது. வேற வாத்தியம் மாத்திக்கலாமே? எல்லாம் குழல்தானே?"

"நீங்க பல் டாக்டரா மாறிக்கிறீங்களா? அதுவும் தலையிலதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் கதவு நிலை அவளுடைய வலது தோளை அடிக்கடி இடித்தது. மேஜையிலிருந்து டம்ளர் விழுந்தால், அங்கே வைத்தது யார் என்று வீட்டையே இரண்டாக்கினாள். வைத்தது பெரும்பாலும் அவள்தான்.

ஒருநாள் தங்கையின் புல்லாங்குழலை எடுத்துத் திருட்டுத்தனமாக ஊதிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது, நாதம் வரவில்லை. தலை சுற்றிக் கட்டிலில் சாய்ந்தபோது தங்கை உள்ளே வந்தாள். அதற்குமேல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியவில்லை; டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கே நிறுத்துக்கா."

"இந்தக் கச்சேரி மட்டும் முடியட்டும்டி."

அது முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. தங்கை கெஞ்சினாள், திட்டினாள். "கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணப் போறியா?" என்று அழுதாள்.

"எனக்கு எல்லாம் தெரியுது. நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிறதுகூடத் தெரியுது" என்று அக்காள் சிரித்தாள். ஆனால் ஓபோவை விட்டால் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஒத்திகை. அரங்கத்தில் குளிர் இருந்தது. ஓபோக்காரி தன் இடத்தில் உட்கார்ந்து, சுரத்தாள்களை விரித்து, சீவாளியை நாக்கில் நனைத்தாள். முகத்தைத் திருப்பாமலே வலது பக்கம் பேசினாள்.

"இன்னும் கோவமா? வீட்லயே சொல்லாம கிளம்பி வந்துட்ட. சரி, பேசாதே. பக்கத்துல உக்காந்தியே, அது போதும்."

பதில் இல்லை. அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டாள்.

வாசிப்புக்கு முன் ஓபோதான் சுருதி கொடுக்கும்; குழல்கள் முதலிலும் தந்திகள் பிறகும் அதோடு சேரும். அவள் ஊதினாள். முதுகுக்குப் பின்னால் கிளாரினெட் சேர்ந்தது, பஸூன் சேர்ந்தது. புல்லாங்குழலும் சேர்ந்தது. ஆனால் அது பக்கத்திலிருந்து வரவில்லை. எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

உடம்போடு திரும்பிப் பார்த்தாள். வலது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

அரங்கத்தின் வாசலில் தங்கை குழலோடு நின்றுகொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"நான் வந்ததிலேர்ந்து இங்கதான்கா நிக்கிறேன். வேணும்னுதான் அங்க வந்து உக்காரல."

எத்தனை நாளாகத் தன் கண்ணில் அந்தப் பக்கம் காலியாக இருந்திருக்கிறதோ என்று எண்ணிப் பார்த்தாள். வயலின்கள் தங்கள் சுருதிக்காகக் காத்திருந்தன. சீவாளியை உதட்டில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். ஊத முடியவில்லை.

இடது பக்கம் இருந்த இரண்டாம் ஓபோக்காரர் தயங்கித் தயங்கித் தன் ஓபோவைத் தூக்கி, சுருதியைக் கொடுத்தார். அவள் காது கொடுத்துக் கேட்டாள். அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.