தெரியுமுங்க, சொல்லக்கூடாதுன்னு

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் டாக்டராக இருக்கிறேன். கதிரியக்கவியல் மேற்படிப்புக்கு வரும் இளம் டாக்டர்களுக்குப் புதிதாகப் பாடத்திட்டம் தயாரிக்கும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். எம்.ஆர்.ஐ.க்கு எவ்வளவு நேரம், சி.டி.க்கு எவ்வளவு நேரம் என்று ஆளாளுக்கு மல்லுக்கட்டினார்கள். கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கிற மாதிரிதான். ஒருவழியாக எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்த வாரம் அது.

அன்று காலை முதலாமாண்டு மாணவி ஒருத்தி, ஏழு மாதக் கர்ப்பிணிக்கு ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவிநாசிப் பக்கத்துப் பெண். முதல் குழந்தை. அடுத்த வாரம் வளைகாப்புக் கட்டுச்சோறு விருந்து, அது முடிந்து அம்மா வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று படுத்தபடியே கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று மாணவியின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் கருவியை வாங்கி வைத்துப் பார்த்தேன். குழந்தையின் இதயம் துடிக்கவில்லை. மறுபடி மறுபடி பார்த்தேன்.

நாங்கள் பேசாமல் இருப்பதைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தார்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் வாயே தொறக்க மாட்டேங்கறீங்க? தெரியுமுங்க, என்ன குழந்தைன்னு சொல்லக்கூடாதுன்னு. வெளிய போர்டுல போட்டிருக்குதுங்களே. நாங்க கேக்கவே மாட்டமுங்க. எதுவா இருந்தாலும் எங்களுக்குச் சந்தோசந்தானுங்க."

மாணவி அவசரமாக ஜெல்லைத் துடைத்துவிட்டு, "ரிப்போர்ட்ட உங்க டாக்டரம்மாகிட்டக் காட்டுங்கக்கா" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கெட்ட செய்தியைப் பிரசவ டாக்டரிடம் விட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம். நான் எழுதிய பாடத்திட்டத்திலும் அதற்கு மேல் எதுவும் இல்லை.

அந்தப் பெண் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அந்தச் சிரிப்போடு அவரை வெளியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. உட்கார வைத்தேன். கணவரையும் உள்ளே கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இல்லீங்க, நேத்துக்கூட ஒதச்சுதுங்க" என்றார் அந்தப் பெண்.

கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அந்தப் பெண் அழவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப இனிச் சொல்லலாமுங்களா? என்ன குழந்தைங்க?"

சட்டம் அப்போதும் சட்டம்தானே. "பொறந்ததும் சொல்லுவாங்க கண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன வார்த்தை சொன்னோம் என்று உறைத்தது. மாணவி விசும்பியபடி வெளியே ஓடிவிட்டாள்.

பாடத்திட்டத்தைத் திரும்ப வாங்கி, இப்படிப்பட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று ஒரு வகுப்பைச் சேர்த்தேன். அதை நானேதான் எடுக்கிறேன். அந்தப் பெண் கேட்டதற்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு மாணவர் கேட்கிறார். எனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன், இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.