சாமைக் குதிரில் இருந்த சி.டி.

ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு முதன்முதலில் மைக்செட் கொண்டுவந்தவன் நான். மாவு மில் போட்டவன் நான். கரண்ட் வருவதே திருவிழாவாக இருந்த காலத்தில் கலர் டி.வி. வைத்து, நாலு ஊர் சனத்தை ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைத்தவனும் நான்தான். பிறகு ஒருநாள் போளூரிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் கடை போட்டேன். படித்தது நாலாங்கிளாஸ். புளிமூட்டை சுமந்து அடிவாரம் இறங்கிய தலை இது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் கம்ப்யூட்டர் கடை வைக்கிறானாம் என்று என் சொந்த அண்ணனே ஊர்க்கூட்டத்தில் சொன்னார். கடையைத் திறந்து காட்டினேன்.

எனக்கு ஆங்கிலம் வராது. ஆனால் பெட்டி என்ன சொல்கிறது என்று தெரியும். மஞ்சள் முக்கோணம் வந்தால் அது கெஞ்சுகிறது, சமாதானம் செய்யலாம். சிவப்பு வட்டத்துக்குள் பெருக்கல் குறி வந்தால் முடியாது என்கிறது. மற்றபடி வலது பக்கம் கீழே இருக்கிற பட்டனை அமுக்கிக்கொண்டே போனால் எந்த கேமும் ஏறிவிடும். கடையில் எத்தனையோ கேம் இப்படி ஏற்றியிருக்கிறேன்.

என் தங்கை மகள் மவுஸ் பிடிக்கக் கற்றது என் கடையில். அவள் மலைப்பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறாள். நான் சொல்லவரும் அன்றைக்கு அவள் தற்காலிக டீச்சர். ஐந்து வருடமாகத் தற்காலிகம். எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு என்றால் காய்ச்சல் வரும். அவள் என் கடையிலிருந்த ஒரு பழைய கேமைப் பள்ளியில் ஏற்றி அதை வைத்தே கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். விடை சரியாக இருந்தால் ஒரு குரங்கு தொங்குபாலத்தில் ஒரு பலகை முன்னே வரும். தப்பாக இருந்தால் பலகை கழன்று ஆற்றில் விழும். குரங்கு விழக்கூடாது என்பதற்காகவே பிள்ளைகள் வாய்ப்பாடு படித்தார்கள்.

இதைக் கேள்விப்பட்ட பெரிய அதிகாரி ஒருவர், நேரில் பார்க்க வருகிறேன், பார்த்துவிட்டு இந்த டீச்சர் வேலை இருக்கட்டுமா வேண்டாமா என்று எழுதுகிறேன் என்று சொல்லியனுப்பினார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பழையவற்றை, அவள் லீவில் இருந்த அன்று, லாரி வந்து ஏற்றிப் போய்விட்டது. குரங்கும் கூடவே போய்விட்டது.

அதிகாரி வரும் நாள் காலை ஏழரைக்குப் போன் வந்தது.

"மாமா, அந்தக் கொரங்கு சி.டி. உங்ககிட்ட இருக்குதா?"

"இருக்குதான்னா கேக்கற? கண்ணாட்டம் வெச்சிருக்கேன்."

பொய்யில்லை. சாமை கொட்டிவைக்கும் குதிருக்குள் வைத்திருந்தேன். சாமைக்குள் போட்டது எதுவும் கெடாது என்பது எங்கள் வழக்கம். அடுத்த வருடத்து விதை, நிலத்துக் காகிதம், கல்யாணத்து மோதிரம் எல்லாம் அதற்குள்தான். உறையோடு வைத்தால் வேர்க்கும் என்று உறையைக் கழற்றிவிட்டு வெறும் சி.டி.யாகவே புதைத்திருந்தேன். முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்தேன், வேட்டியில் துடைத்தேன், ஓடை தாண்டிப் பள்ளிக்கு நடந்தேன். எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அதிகாரியின் ஜீப் பதினோரு மணிக்கு வரும் என்றார்கள்.

புதுப் பெட்டியில் சி.டி.யைப் போட்டாள். சிவப்பு வட்டம். அதற்குள் பெருக்கல் குறி. திரும்பப் போட்டாள். திரும்பவும் அதே.

கேம் கெட்டுப்போகவில்லை, ஏற்றிவிடும் ஃபைல்தான் ரொம்பப் பழசு, புது சிஸ்டம் அதை உள்ளேயே விடாது என்று விளக்கினாள். சொல்லிக்கொண்டே மவுஸால் அதே இடத்தை மறுபடி மறுபடி சொடுக்கினாள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் கடையில் ஒரு தடவைக்கு மேல் சொடுக்காத கை.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் முக்கியமான பேச்சு அதுதான். "இன்னாத்துக்கு இதுல ஏத்தற? என் வூட்ல கீற பழைய கடைப் பெட்டில ஏத்து. ஏறினப்புறம் கேமை மட்டும் பென்டிரைவ்ல தூக்கியாந்து இதுல வை." கடையில் பெட்டி மாற்றும்போதெல்லாம் நான் செய்த வேலை. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். ஓடலாம் மாமா, சில கேம் ஓடும் என்றாள்.

என் வீட்டில் அன்று கரண்ட் இல்லை. அதனால் பெட்டிதான் பள்ளிக்கு வர வேண்டும். மகன் வண்டியை எடுத்துக்கொண்டு அமிர்தி பக்கம் போயிருந்தான். வீட்டுக்கு ஓடினேன். பெட்டியைக் கம்பளியில் சுற்றித் தலையில் வைத்தேன். ஓடையில் முட்டி வரை தண்ணீர். புளிமூட்டை விழுந்தால் அள்ளிக்கொள்ளலாம். இதை அள்ள முடியாது. பாசிக்கல்லில் ஒருமுறை கால் வழுக்கியது. கழுத்து அசையவில்லை. அது புளிமூட்டை சுமந்த கழுத்து, கடனாக வாங்கினதில்லை.

பத்துமணிக்குப் பெட்டியை இறக்கினேன். புதுத் திரையின் வயர் அதற்குச் சேரவில்லை. புரொஜக்டர் வயர் சேர்ந்தது. கேம் ஏறுவதைக் காட்டும் நீலக்கோடு சுவர் முழுக்கப் பெரிதாக ஓடியது. பாதி தாண்டியது, கொஞ்சம் போனது, நின்றது. பெட்டிக்குள் சி.டி. கரகரவென்று சுற்றும் சத்தம். பிறகு மஞ்சள் முக்கோணம்.

அவள் சி.டி.யை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். பூனை பிறாண்டினதுபோல் முழுக்கக் கோடு. வருடா வருடம் சாமையை அள்ளி, மறுபடி கொட்டி, அந்த உமியும் மணியும் அதைத் தேய்த்திருக்கின்றன.

"எங்க மாமா வெச்சிருந்தீங்க?"

சொன்னேன்.

"சாமைல போட்டு வெச்சா மொளைக்கும்னு நெனச்சீங்களா?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. அவளுடைய ஐந்து வருடம் அந்தக் கோடுகளில் இருந்தது. கோடு போட்டவன் நான்.

ஆனால் கீறல் விழுந்த சி.டி.யையும் கடையில் ஓட்டியவன் நான். பள்ளி ஹாஸ்டலிலிருந்து பல் விளக்கும் பேஸ்ட் வாங்கிவரச் சொன்னேன். வெள்ளை பேஸ்ட். நடுவிலிருந்து வெளியே, நேர்கோடாக, பஞ்சால் தேய்த்தேன். வட்டமாகத் தேய்த்தால் போச்சு. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பத்தரை தாண்டியிருந்தது. தண்ணீரில் கழுவி, அவள் துப்பட்டாவில் ஒற்றிப் போட்டோம்.

நீலக்கோடு அதே இடத்துக்கு வந்து நின்றது. கரகர சத்தம். ஒரு விரற்கடை நகர்ந்தது. மறுபடி நின்றது. கீழே கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஹாரன் கேட்டது. அங்கிருந்து பள்ளிக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் ஆகாது.

கோடு முழுதாக ஓடி முடிந்தது.

அவள் பென்டிரைவைச் செருகினாள், கேமைத் தூக்கினாள், புதுப் பெட்டியில் வைத்தாள், திறந்தாள். திரை கறுப்பு. குரங்கின் பாட்டு மட்டும் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த இடத்தில் என் கைச்சரக்கு தீர்ந்துவிட்டது. அவள்தான் எதையோ வலது பக்கம் சொடுக்கி, பழைய சிஸ்டம் போல நடந்துகொள் என்று பெட்டியிடம் சொல்கிற இடத்துக்குப் போய், கலரைக் குறைத்து இரண்டு டிக் போட்டாள். அது அவள் படிப்பு. அதை நான் என்னுடையது என்று சொல்ல மாட்டேன்.

மறுபடி திறந்தாள். பாலம் வந்தது. குரங்கு வந்தது. வெளியே ஜீப் கதவு சாத்தும் சத்தமும் வந்தது.

பிள்ளைகள் உள்ளே வந்து ஆடினார்கள். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ஒரு பெண்பிள்ளை அடித்ததும் குரங்கு கரையேறியது. அவர் சிரித்துவிட்டார். பிறகு, பழைய கேம் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாதே, யார் ஏற்றியது என்று கேட்டார். அவள் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். சொல்லத்தான் போகிறாள் என்று தெரிந்தது. வெளி ஆள் வந்து செய்தான் என்று எழுதினால் டீச்சர் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். நான் முந்திக்கொண்டேன்.

"நான் சாமை கொண்டாந்தவன் சார். எல்லாம் டீச்சரம்மா வேலைதான்."

என் வயதில் நான் செய்த எதையும் நான் செய்யவில்லை என்று சொன்னது அந்த ஒரே தடவை. கம்பளியைச் சுற்றிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவர் நல்லபடியாக எழுதினார். இப்போது அவள் நிரந்தர டீச்சர். ஆர்டர் காகிதத்தை என் கையில்தான் முதலில் கொடுத்தாள். குதிரில் வைக்காதீங்க என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அந்தக் கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கொடுத்தவர் பெயர், திறந்துவைத்தவர் பெயர், பெயின்ட் அடித்துக் கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. அடியில் ஒரு சாண் இடம் காலி. இனி அவள் வேலையை யாரும் பிடுங்க முடியாது. ஆகையால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. பள்ளிக்கூடத்தாரைக் கேட்கிறேன்: அந்த ஒரு சாணில் என் பெயரை எழுதுங்கள். பழைய பெட்டியைத் தலையில் சுமந்து ஓடை தாண்டிவந்து கேமை ஏற்றிக் கொடுத்தவர் என்று எழுதுங்கள். சி.டி.யைச் சாமையில் போட்டுக் கெடுத்தவரும் இவரே என்று கீழே சேர்த்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைச் சின்ன எழுத்தில் எழுதுங்கள். என் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.