மலை முதுகுல உட்கார்ந்துட்ட முருகண்ணன்

காஞ்ச புல்லும் வெயில்ல சுட்ட பாறையும் சேந்து ஒரு வாசனை வரும்... மலை ஏறுனவங்களுக்குத் தெரியும். எனக்கு அது பயத்தோட வாசனை.

அப்போ நான் கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனில பேக்கிங் செக்‌ஷன். கல்யாணம் ஆவல. ஸ்டெல்லாவும் நானும் ஒரே ரூம்ல தங்கிக்கினு, ஒரே ஷிஃப்ட்டுக்குப் போய்க்கினு இருந்தோம். மழை பேஞ்ச மறுநாள் கம்பெனி மாடில நின்னா மேற்கால, ஆந்திரா பார்டர் பக்கம், ஒரு மலை பளிச்சினு தெரியும்.

"ஒருநாள் அது உச்சில நின்னு நம்ம கம்பெனியப் பாக்கணும்டி"ன்னு சொல்லிக்கினே இருப்பா ஸ்டெல்லா.

எங்க கம்பெனில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுனவரு முருகண்ணன். பொன்னேரி பக்கம், ஊர்ல ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து ஊட்டுக்காரரு. நல்ல வாட்டசாட்டமான ஆளு. அந்த மலைல பலவாட்டி ஏறி எறங்குனவரு. "வர்ற ஞாயித்துக்கெழமை வாங்கம்மா, நான் கூட்டிக்கினு போறேன்"னாரு.

பஸ் மாறி, அடிவாரத்துல நாஷ்டா முடிச்சிட்டு ஏறுனோம். பாதி மலை வரைக்கும் மரம், நெழலு, சிரிப்பு...

அப்புறம் மரம் முடிஞ்சி போச்சி.

முன்னாடி வெறும் பாறை. மாட்டோட முதுகெலும்பு மாதிரி நீட்டா, சரிவா மேல போவுது. அகலம் ஒரு பெஞ்சு அளவு இருந்தா பெருசு. ரெண்டு பக்கமும் அப்படியே பாதாளம். "அதோ பாருடி, ஏரி!"ன்னு ஸ்டெல்லா கை காட்டுனா. நான் நிமிரவே இல்ல. முன்னாடி போற முருகண்ணனோட குதிகாலையே பாத்துக்கினு, அவரு வச்ச எடத்துல நான் கால வச்சேன்.

அவரு ஒரு கல்லு மேல ஏறுனாரு. கல்லு பேந்துக்கிச்சி.

இடுப்பு வரைக்கும் ஆளு எடது பக்கம் சரிஞ்சிட்டாரு. ஒரு செடியோட வேர் கைல சிக்கிச்சி. எப்படியோ எம்பி, திரும்ப மேல வந்து உழுந்தாரு. அந்தக் கல்லு உருண்டு போற சத்தம் கேட்டுக்கினே இருந்திச்சி... அப்புறம் கேக்கல. அடில போய் உழுந்த சத்தம் மட்டும் வரவே இல்ல.

"அண்ணா, அடி பட்டுச்சா?"

பாறைக்கு ரெண்டு பக்கமும் கால தொங்கப் போட்டு, குதிரை மேல உக்கார்ற மாதிரி உக்காந்துட்டாரு. சட்டை முதுகு நடுங்குறது எனக்குத் தெரிஞ்சிச்சி.

"முடியல ஜெயா... கால் வரமாட்டேங்குதும்மா."

வழி தெரிஞ்ச ஒரே ஆளு அவரு தான். அந்த நேரம் பாத்து ஆந்திரா பக்கத்துலேர்ந்து மேகம் கருக்கிக்கினு வருது. மொத சொட்டு என் கை மேல உழுந்திச்சி. பின்னாடி ஸ்டெல்லா "ஏசப்பா, ஏசப்பா"ன்னு அழ ஆரம்பிச்சிட்டா.

"கீழ எறங்கிடலாமாண்ணா?"

"நனைஞ்ச பாறைல எறங்கக் கூடாதும்மா. வழுக்கிடும். மேல போயிட்டா அந்தாண்ட பக்கம் படி இருக்குது..."

அப்போ மேல தான் போவணும். ஆனா அவரு நகரணுமே.

இன்னா தைரியத்துல பண்ணேன்னு இன்னிக்கும் தெரியல. அவரு தோளப் புடிச்சி, அவரு தொடை மேல கால வச்சி, அவரத் தாண்டி முன்னாடி போனேன். தாண்டும்போது ஒரு கால் காத்துல... கண்ண மூடிக்கினேன்.

அவருக்கு எதிர்ல, அவர் மூஞ்சியப் பாத்தாப்புல உக்காந்தேன். ரெண்டு கையையும் நீட்டுனேன். இரும்பு மாதிரி புடிச்சிக்கினாரு. அவரு சரிஞ்சா நானும் தான்.

"கீழ பாக்காதீங்கண்ணா. என்னப் பாருங்க."

நான் உக்காந்தபடியே பின்பக்கமா மேல நகர்ந்தேன். அவரு என்னப் பாத்துக்கினே நகர்ந்தாரு. எனக்குப் பின்னாடி இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஸ்டெல்லா தான் கண்ணு. அழுதுக்கினே, "வரலாம்... வரலாம்... ஜெயா, ரைட்ல பள்ளம், லெஃப்ட்ல ஒடிச்சி வா..."ன்னு பஸ்ஸுக்கு ரிவர்ஸ் சொல்ற மாதிரி சொன்னா.

"அண்ணா, ஃபோர்க்லிஃப்ட்ட ரிவர்ஸ் எப்படி எடுப்பீங்க? சொல்லுங்க"ன்னேன். அவரு பேசணும், அவ்ளோ தான் எனக்கு.

"ஹாரன் அடிப்பேன்... திரும்பிப் பாப்பேன்..." பல்லு கிடுகிடுன்னு அடிச்சிக்குது. "மெதுவா... மெதுவா உடுவேன்..."

மழை புடிச்சிக்கிச்சி. பாறை சோப்பு தேச்ச மாதிரி ஆயிடிச்சி. ஒருவாட்டி என் இடுப்பு வழுக்கிச்சி. அவரு தான் என்ன இழுத்து நிறுத்துனாரு. அதுக்கப்புறம் அவரு நடுக்கம் கொஞ்சம் கொறஞ்சிச்சி.

உச்சி வந்தது அடில பாறை தட்டையா ஆனப்ப தான் தெரிஞ்சிச்சி. மூணு பேரும் குப்புறப் படுத்துட்டோம். ஒருத்தரும் எதையும் பாக்கல. முருகண்ணன் ஓரமாப் போயி வாந்தி எடுத்தாரு. அந்தாண்ட பக்கம் படி எறங்கி, தொப்பலா நனைஞ்சி, பஸ் புடிச்சி, சாயங்காலம் ரூமுக்கு வந்துட்டோம்.

திங்கக்கெழமை அவரு வண்டி எங்க லைன் பக்கம் வந்திச்சி. நிறுத்துனாரு. ஏதோ சொல்ல வந்தாரு... கண்ணு கலங்கிச்சி. "ஒதுங்கி நில்லும்மா, வண்டி திரும்புது"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு.

வருஷம் ஓடிப் போச்சி. ஸ்டெல்லா கல்யாணம் ஆயி ஓசூர் போயிட்டா. முருகண்ணன் வேலைய உட்டுட்டு ஊர்ல நெல்லு வச்சிக்கினு இருக்காரு.

என் பொண்ணு இப்போ தேர்வாய் கண்டிகைல ஒரு கம்பெனில வேலை செய்யுறா. போன ஞாயித்துக்கெழமை ஃப்ரெண்ட்ஸோட அதே மலைக்குப் போனா. நல்ல ஷூ, ரெயின்கோட், லொகேஷன் ஷேர் எல்லாம் பக்காவா.

நான் மலைக்குப் போனது எங்கம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அன்னிக்கு அவங்க நிம்மதியா ஊட்ல வேலையப் பாத்துக்கினு இருந்திருப்பாங்க. எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. ஃபோன்ல அவ இருக்குற எடத்தக் காட்டுற புள்ளி மேல நகர நகர, பாத்துக்கினே இருந்தேன்.

மரம் முடியுற எடத்துல புள்ளி நின்னுடிச்சி.

நகரல. அடுப்புல கொழம்பு அடி புடிச்சிக்கினு இருக்கு, என்னால திரும்ப முடியல. ஃபோன் பண்றேன், பண்றேன்... போவல. அன்னிக்கு பாறை மேல கூட நான் இப்படிப் பயப்படல.

ரொம்ப நேரம் கழிச்சி அவளே கூப்ட்டா.

"மேல வந்துட்டோம்மா, செம வியூ! நடுவுல டவரே இல்ல, இப்ப தான் மெசேஜ் வந்திச்சி... எதுக்கு இத்தினி மிஸ்டு கால்? இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் இல்லடி..." கீழயே உக்காந்துட்டேன். "சாப்ட்டியான்னு கேக்கத் தான்."